ஹாலிவுட்டில் மேனேஜரையும் ஏஜென்டையும் அணுகுவது: திரைக்கதை எழுதுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து ஆங்கிலத்தில் திரைக்கதை எழுதி, அதை லாஸ் ஏஞ்சல்ஸில் யாரிடமாவது கொண்டு சேர்க்கப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இரண்டு சுற்று கோட்டை விட்டு, மூன்றாவது சுற்றில்தான் ஒரு மேனேஜரைப் பிடித்தேன். அதற்குப் பிறகு யோசனை கேட்டு வந்த பலருடைய மெயில்களையும் ஸ்கிரிப்ட்களையும் பார்த்துவிட்டேன். எழுத்து பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வேலையைச் செய்த வரிசைதான் தலைகீழாக இருக்கும். ஸ்கிரிப்ட் முடிந்த ராத்திரியே அறுபது பேருக்கு மெயில் போயிருக்கும்; லாக்லைனைப் பற்றி, அதாவது கதையைச் சொல்லும் ஒற்றை வாக்கியத்தைப் பற்றி, அடுத்த வாரம்தான் யோசித்திருப்பார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே ஓர் அலுவலகம் உங்கள் ஸ்கிரிப்டை அநேகமாக ஒரே தடவைதான் படிக்கும். படித்தவர் எழுதிய குறிப்பு அவர்கள் கணினியில் தங்கிவிடும். ஆறு மாதம் கழித்து "முழுக்கத் திருத்திவிட்டேன்" என்று அதையே அனுப்பினால், பழைய குறிப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

1. யாரிடம் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏஜென்ட், மேனேஜர், வக்கீல் என்று மூன்று பேர். புதியவர்கள் மூவரையும் "ஏஜென்ட்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஏஜென்ட் வேலை பிடித்துத் தருபவர், பேரம் பேசுபவர். கலிஃபோர்னியாவில் கலைஞர்களுக்கு வேலை தேடித் தர, மாநிலத் தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். கமிஷன் 10 சதவீதம். ரைட்டர்ஸ் கில்ட் என்ற எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு ஏஜென்டாக இருக்க வேண்டுமானால் கில்டோடு தனி ஒப்பந்தமும் வேண்டும். ஏஜென்சிகளில் சிஏஏ, டபிள்யூஎம்இ, யூடிஏ மூன்றும் பெரியவை. வெர்வ், கெர்ஷ் போன்றவை அளவில் சிறியவை.

மேனேஜருக்கு உரிமம் தேவையில்லை. கமிஷன் 10, சிலரிடம் 15 சதவீதம். உங்கள் டிராஃப்டைப் படித்து நோட்ஸ் (திருத்தக் குறிப்புகள்) கொடுப்பது, அடுத்து எதை எழுதலாம் என்று உட்கார்ந்து பேசுவது, தயாரிப்பாளர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பது எல்லாம் அவர் வேலை. உரிமம் இல்லாததால் சட்டப்படி அவராக வேலை பிடித்துத் தந்து பேரம் முடிக்கக் கூடாது. அதனால் பேரம் என்று வரும்போது ஏஜென்டோ வக்கீலோ உள்ளே வருவார்கள். மேனேஜர் உங்கள் படத்துக்குத் தயாரிப்பாளராகவும் ஆகலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும்போது மறுபடி வரும்.

வக்கீல் ஒப்பந்தத்தைப் பார்ப்பவர். பொதுவாக 5 சதவீதம்.

கையில் ஒரு ஒப்பந்தமும் இல்லாத புதியவர் முதலில் போக வேண்டியது மேனேஜரிடம். ஏஜென்டுக்கு இன்றைக்கே விற்கிற சரக்கு வேண்டும். உங்களை வளர்க்க அவருக்கு நேரமில்லை. அதோடு, பெரிய ஏஜென்சிகள் கேட்காமல் வரும் ஸ்கிரிப்டைப் பிரிப்பதே இல்லை. நாளைக்கு "என் கதையைத் திருடிவிட்டார்கள்" என்று யாராவது வழக்குப் போட்டால், "நாங்கள் பார்க்கவே இல்லை" என்று சொல்ல வேண்டுமல்லவா. மேனேஜர்களில் பலர், குறிப்பாகச் சின்ன நிறுவனங்களில் இருப்பவர்கள், குவெரி மெயிலை, அதாவது ஸ்கிரிப்டைப் படிக்க முடியுமா என்று கேட்டு வரும் மெயிலை, படிக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதாவதொரு தயாரிப்பாளர் ஏற்கெனவே உங்கள் ஸ்கிரிப்டுக்கு விலை சொல்லிவிட்டார் என்றால் நேராக வக்கீலிடமும் ஏஜென்டிடமும் போங்கள். விலை சொன்ன மெயில் கையில் இருந்தால் கதவு தானாகத் திறக்கும்.

2. "கதை சொல்ல இரண்டு மணி நேரம் கொடுங்கள்" என்பதை மறந்துவிடுங்கள்

கோடம்பாக்கத்தில் கதை காதில் விழும். ஹீரோவிடமோ தயாரிப்பாளரிடமோ உட்கார்ந்து, பின்னணி இசையோடு, இடைவேளை வரைக்கும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு டீ குடிப்போம். அந்தப் பழக்கத்தில் ஒரு தம்பி, "பேப்பரில் படித்தால் இதன் வீச்சு தெரியாது, ஜூமில் நரேட் பண்ண அனுமதி தாருங்கள்" என்று முப்பது மேனேஜர்களுக்கு எழுதியிருந்தான். ஒரு பதிலும் வரவில்லை.

புதியவரை அங்கே எடைபோடுவது எழுதிய பக்கங்களை வைத்துத்தான். சொல்லத் தெரிந்தவரா என்பது பிறகு வரும் கேள்வி. எழுதத் தெரிந்தவரா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு ஸ்கிரிப்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

3. இரண்டாவது ஸ்கிரிப்டை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்

நான் முதல் சுற்றில் அடி வாங்கிய இடம் இது. ஒரு மேனேஜர் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு ஒரே வரியில் பதில் போட்டார்: பிடித்திருக்கிறது, வேறு என்ன வைத்திருக்கிறீர்கள்? என்னிடம் வேறு எதுவும் இல்லை. "இரண்டு மாதத்தில் அனுப்புகிறேன்" என்று எழுதினேன். ஏழு மாதம் ஆனது. நான் அனுப்பியபோது அவர் அந்த நிறுவனத்திலேயே இல்லை.

அந்தக் கேள்வி மரியாதைக்குக் கேட்பதல்ல. அவர்கள் கையெழுத்து வாங்குவது பத்து வருடம் எழுதப்போகிற ஆளிடம். முதல் ஸ்கிரிப்ட் குருட்டாம்போக்கில் நன்றாக அமைந்திருக்கலாம்; அடுத்ததும் நன்றாக இருந்தால்தான் கை வந்திருக்கிறது என்று நம்புவார்கள்.

அங்கே ஸ்கிரிப்டைப் படிப்பவர் எழுதும் அறிக்கைக்கு கவரேஜ் என்று பெயர். அதில் பெரும்பாலும் இரண்டு கட்டம் இருக்கும்: ஸ்கிரிப்டுக்கு ஒரு தீர்ப்பு, எழுதியவருக்கு ஒரு தீர்ப்பு. ஸ்கிரிப்ட் வேண்டாம், ஆனால் எழுதியவரைக் கவனிக்கலாம் என்று வருவது சாதாரணம். அப்படி வந்தால் உங்களைக் காப்பாற்றுவது இரண்டாவது ஸ்கிரிப்ட்தான்.

இரண்டும் ஒரே வகையில் இருக்கட்டும். ஒன்று பேய்ப்படம், இன்னொன்று காதல் நகைச்சுவை என்று வைத்திருந்தால், உங்களை யாரிடம் எப்படி அறிமுகப்படுத்துவது என்று மேனேஜர் திணறுவார். எல்லாம் எழுதுவேன் என்பது நம் ஊரில் பெருமை. அங்கே அது முதல் மூன்று வருடத்துக்குப் பாரம்.

4. உங்களைத் தெரியாத ஒருவர் படிக்க வேண்டும்

நண்பர்கள் படித்தால் போதாது. அவர்கள் உங்களைப் படிக்கிறார்கள், பக்கத்தையல்ல. முன்பின் தெரியாத இரண்டு பேராவது ஆங்கிலத்தில் படித்து, எங்கே கீழே வைத்தார்கள் என்று சொல்ல வேண்டும். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் போனை எடுத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

போட்டிகளைப் பொறுத்தவரை, மேனேஜர்கள் மதிப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஆஸ்கர் அகாடமி நடத்தும் நிக்கோல் ஃபெலோஷிப் முதலிடத்தில் இருக்கிறது. வருடத்துக்கு அதிகபட்சம் 5 பேர், தலா 35,000 டாலர். நிக்கோலின் இறுதிச் சுற்றுப் பட்டியலை மேனேஜர்கள் தாங்களாகவே தேடிப் படிக்கிறார்கள். முன்பு யார் வேண்டுமானாலும் அகாடமிக்கே நேராக அனுப்பலாம். 2025 முதல் பிளாக் லிஸ்ட் தளம் வழியாகவோ, அகாடமி சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகங்கள், பயிற்சிப் பட்டறைகள் வழியாகவோதான் உள்ளே போக முடியும். ஆஸ்டின் திரைப்பட விழாவின் போட்டிக்கும் மதிப்பு உண்டு. பெயர் கேள்விப்படாத போட்டியில் வாங்கிய "சிறந்த திரைக்கதை" பட்டத்தை மெயிலில் போடாதீர்கள். அது உங்களை விவரம் தெரியாதவராகக் காட்டும்.

பிளாக் லிஸ்ட் என்ற பெயரில் இரண்டு சமாச்சாரம் இருப்பதும் பலருக்குத் தெரியவில்லை. ஒன்று, ஃப்ராங்க்ளின் லெனர்ட் 2005-ல் தொடங்கிய வருடாந்தரப் பட்டியல். அந்த வருடம் படித்ததில் பிடித்த, இன்னும் படமாகாத ஸ்கிரிப்ட்களைத் துறைக்குள் இருப்பவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னொன்று, 2012-ல் வந்த இணையதளம். பணம் கட்டி யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்டை ஏற்றலாம். தனியாகக் கட்டணம் கட்டினால் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். தளத்தில் ஸ்கிரிப்டை ஏற்றிவிட்டு "என் ஸ்கிரிப்ட் பிளாக் லிஸ்டில் இருக்கிறது" என்று மெயில் எழுதியவர்களை நான் மூன்று பேர் பார்த்துவிட்டேன். படிக்கிற மேனேஜர் அந்த வரியிலேயே மெயிலை மூடிவிடுவார். 8-ம் அதற்கு மேலும் வாங்கினால் மட்டும், "தளத்தின் மதிப்பீட்டில் 8" என்று தெளிவாக எழுதுங்கள்.

5. பதிவு செய்துவிடுங்கள், பிறகு அதை மறந்துவிடுங்கள்

இந்தியப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகப் பதிய 500 ரூபாய். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் ஒரே ஆசிரியரின் ஒரே படைப்பு என்றால் ஆன்லைனில் 45 டாலர். பதிப்புரிமைக்கான பெர்ன் சர்வதேச உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருப்பதால் எழுதிய கணமே உரிமை உங்களுடையது. ஆனால் அமெரிக்க நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கும் நிலை வந்தால் அங்கே முன்கூட்டியே பதிந்திருப்பது வலு. ரைட்டர்ஸ் கில்ட் வெஸ்டில் பதிவது 5 வருடத்துக்குத்தான் செல்லும். பதிப்புரிமைப் பதிவுக்கு அது மாற்றாகாது.

பதிவெண்ணை முகப்புப் பக்கத்தில் போட வேண்டாம். "திருடிவிடாதே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிற மாதிரி இருக்கும்.

6. பிடிஎஃப்: பேப்பர் அளவில் ஆரம்பியுங்கள்

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க் கணினியில் பேப்பர் அளவு ஏ4 என்றே இருக்கும். அங்கே யுஎஸ் லெட்டர், அதாவது எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். ஏ4 அதைவிட 18 மில்லிமீட்டர் உயரம். பன்னிரண்டு பாயிண்ட் கூரியர் எழுத்துருவில் அங்குலத்துக்கு ஆறு வரி. ஆக, பக்கத்துக்கு நாலு வரி அதிகமாகப் பிடிக்கும். ஏ4-ல் 118 பக்கம் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் ஸ்கிரிப்டை லெட்டருக்கு மாற்றினால் எட்டு, ஒன்பது பக்கம் கூடி 125-ஐத் தாண்டும். புதியவரின் ஸ்கிரிப்ட் 120-ஐத் தாண்டினாலே படிக்கிற உதவியாளர் பெருமூச்சு விடுவார். 95-லிருந்து 115 வரை இருப்பது நல்லது. அதனால் எழுத ஆரம்பிக்கும்போதே அளவை மாற்றி வையுங்கள். கடைசியில் மாற்றினால் அழுதுகொண்டே வெட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து, தமிழ் ஸ்கிரிப்ட் பழக்கத்தின் மிச்சங்கள். காட்சி எண்களை எடுத்துவிடுங்கள். அவை ஷூட்டிங் ஸ்கிரிப்டுக்கு உரியவை. கேமரா கோணம், லென்ஸ், "பின்னணி இசை எகிறுகிறது" எல்லாம் வேண்டாம். ஒருவர் அனுப்பிய ஸ்கிரிப்டில் 61-ம் பக்கத்தில் நட்டநடுவே பெரிய எழுத்தில் "இன்டர்வெல்" என்று இருந்தது. அவர் அதை நாலு தடவை படித்திருக்கிறார், நானும் ஒரு தடவை படித்தேன், இரண்டு பேருக்குமே உறுத்தவில்லை. அமெரிக்காவில் இருக்கும் ஒரு நண்பர்தான், "இந்த வார்த்தை எதற்கு?" என்று கேட்டார்.

முகப்பில் தலைப்பு, உங்கள் பெயர், மெயில், நாட்டுக் குறியீட்டோடு போன் எண் மட்டும். படம், மேற்கோள், டிராஃப்ட் எண், தேதி எதுவும் வேண்டாம். தேதி போட்டால் சரக்கு பழையது என்று தெரிந்துவிடும். கோப்பின் பெயரும் முகப்பு மாதிரிதான்: தலைப்பும் உங்கள் பெயரும் போதும். "ஃபைனல் ஃபைனல் 7" என்று அனுப்பியவர் உண்டு.

7. லாக்லைன்

நம் ஒன்லைன் வேறு, அவர்கள் லாக்லைன் வேறு. ஒன்லைன் என்று நாம் கதையின் கருவையும் சொல்கிறோம், சில நேரம் முழுக் காட்சி வரிசையையும் சொல்கிறோம். லாக்லைன் ஒரே வாக்கியம், நீண்டால் இரண்டு. யார், என்ன நடந்துவிட்டது, அவர் என்ன செய்தாக வேண்டும், எது குறுக்கே நிற்கிறது. இந்த நாலும் அதில் இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒன்று கட்டிக் காட்டுகிறேன். முதலில், என் பார்வைக்கு வரும் பத்தில் எட்டு இப்படித்தான் இருக்கும்:

"துறைமுக நகரம் ஒன்றில் வாழும் பெண்ணின் வாழ்க்கையில் எதிர்பாராத ஒரு சம்பவம் நடக்க, அவள் மறைந்திருந்த உண்மைகளைத் தேடிப் புறப்படுகிறாள்."

இதில் பார்க்க ஒன்றுமில்லை. என்ன சம்பவம், என்ன உண்மை என்று எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். சஸ்பென்ஸ் வைப்பதாக நினைத்துக் கதையையே ஒளித்துவிடுகிறார்கள். திருத்தினால்:

"தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர்களைச் சோதிக்கும் சுங்க அதிகாரி, இருபது வருடத்துக்கு முன் காணாமல் போன தம்பியின் பள்ளிப் பையை ஒரு பெட்டிக்குள் பார்க்கிறாள், விடிந்தால் கப்பல் கிளம்பிவிடும், அந்தப் பெட்டியின் தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கும் கிளியரிங் ஏஜென்டோ அவளுடைய அப்பா."

பை கண்ணில் தெரிகிறது, நேரக் கெடு இருக்கிறது, எதிராளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். கதாபாத்திரத்தின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். "கயல்விழி" என்ற பெயர் அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. "சுங்க அதிகாரி" என்றால் உடனே ஒரு ஆள் நிற்கிறார்.

லாக்லைனை எத்தனை தடவை எழுதியும் நிற்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் ஸ்கிரிப்டில் இருக்கும். மெயிலுக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வது அதனால்தான்.

8. நாற்பது பேர் பட்டியல்

யாருக்கு யார் மேனேஜர், ஏஜென்ட் என்று காட்டும் ஐஎம்டிபி ப்ரோ தளத்தில் ஒரு மாதச் சந்தா எடுங்கள். முதலில் இலவசச் சோதனைக் காலமும் தருகிறார்கள். உங்கள் கதைக்கு நெருக்கமான, கடந்த நாலைந்து வருடத்தில் வந்த பத்துப் பன்னிரண்டு படங்களை எழுதிக்கொண்டு, அவற்றை எழுதியவர்களைப் பாருங்கள். உலகப் புகழ் பெற்றவர்களை விட்டுவிட்டு, முதல் படமோ இரண்டாவது படமோ எழுதியவர்களின் மேனேஜர் யார் என்று குறியுங்கள். அந்த மேனேஜர் புதியவரை எடுத்து வளர்த்திருக்கிறார், அதுவும் உங்கள் வகையில்.

அனானிமஸ் கன்டென்ட், 3 ஆர்ட்ஸ், சர்க்கிள் ஆஃப் கன்ஃப்யூஷன் மாதிரி பெரிய மேனேஜ்மென்ட் நிறுவனம் என்றால் நிறுவனத்தின் தலைவருக்கு எழுதாதீர்கள். அவருடைய ஆள்பட்டியல் நிறைந்து வழியும். சமீபத்தில் உதவியாளராக இருந்து மேனேஜராக உயர்ந்தவரைத் தேடுங்கள். அவருக்குத்தான் புது ஆட்கள் தேவை. ஒரு நிறுவனத்தில் ஒரு சமயத்தில் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். பக்கத்து மேசைக்காரருக்கும் அதே மெயில் வந்திருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எக்செல்லில் ஐந்து காலம் (நெடுவரிசை) போதும்: பெயர், ஏன் இவர், அனுப்பிய தேதி, நினைவூட்டிய தேதி, பதில். "ஏன் இவர்" என்ற கட்டத்தில் ஒன்றும் எழுத முடியவில்லை என்றால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே போலிகளையும் களையுங்கள். படிக்கக் கட்டணம், பதிவுக் கட்டணம், "டெவலப்மென்ட் பேக்கேஜ்" என்று யார் கேட்டாலும் விலகிவிடுங்கள். ஏஜென்சிகள் பதிவுக் கட்டணம் வாங்குவதைக் கலிஃபோர்னியாச் சட்டமே தடுக்கிறது. ஏஜென்ட் என்று சொல்பவருக்கு உரிமம் இருக்கிறதா என்று தொழிலாளர் ஆணையரின் இணையதளத்தில் தேடலாம். கில்டோடு ஒப்பந்தம் போட்ட ஏஜென்சிகளின் பட்டியலும் கில்ட் தளத்தில் இருக்கிறது.

9. மெயில்

பத்து வரி. மொபைலில் ஒரு திரையில் முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் அப்படித்தான் படிக்கிறார்கள். அனுப்புவது ஆங்கிலத்தில், அமைப்பு புரிய தமிழில் தருகிறேன்.

"பொருள்: குவெரி, ஸ்கிரிப்டின் தலைப்பு, த்ரில்லர், முழுநீளப் படம்

ஹாய் (முதல் பெயர்),

உங்கள் எழுத்தாளர் இன்னார் எழுதிய இன்ன படம் ஒரே இரவில், ஒரே இடத்தில் நடப்பது. என் ஸ்கிரிப்டும் அந்த மாதிரி என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

(லாக்லைன்)

பதினோரு வருடம் துறைமுகத்தில் ஷிப்பிங் கிளார்க்காக இருந்தேன். இதே வகையில் இன்னொரு ஸ்கிரிப்டும் தயாராக இருக்கிறது.

விருப்பமிருந்தால் பிடிஎஃப் அனுப்புகிறேன். நன்றி."

அவ்வளவுதான். ஸ்கிரிப்டை இணைக்காதீர்கள்; கேட்காமல் வந்த இணைப்பை யாரும் திறக்க மாட்டார்கள். உங்களைப் பற்றிய வரியில் கதையோடு ஒட்டுகிற விஷயம் மட்டும் வரட்டும். துறைமுகக் கதைக்குத் துறைமுக வேலை பலம். எம்பிஏ பட்டம் பலமல்ல.

நம் ஆட்களின் மெயில்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பவை: "ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்" என்ற தொடக்கம். மேனேஜர் ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்கவில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அங்கே யாருக்கும் முதல் பெயர்தான். அப்புறம், "இது என் இருபது வருடக் கனவு" என்கிற பத்தி. கெஞ்சலும் வேண்டாம், "நூறு கோடி வசூலாகும்" என்ற ஜோசியமும் வேண்டாம். நாற்பது முகவரியையும் ஒரே மெயிலில் போட்டு, அதுவும் எல்லாருக்கும் எல்லாம் தெரிகிற மாதிரி அனுப்பியவரும் உண்டு.

10. எட்டு எட்டாக அனுப்புங்கள்

நாற்பதையும் ஒரே நாளில் அனுப்பினால், மெயிலில் கோளாறு இருந்தால் நாற்பதும் போச்சு. எட்டுப் பேருக்கு அனுப்பி மூன்று வாரம் பாருங்கள். ஒருவரும் ஸ்கிரிப்ட் கேட்கவில்லை என்றால் கோளாறு லாக்லைனிலோ மெயிலிலோ. கேட்டுவிட்டு வேண்டாம் என்கிறார்கள் என்றால் கோளாறு ஸ்கிரிப்டில். இந்த இரண்டையும் பிரித்தறிய வேறு வழியில்லை. திருத்திவிட்டு அடுத்த எட்டு.

செவ்வாய், புதன் காலை பத்து மணி நல்ல நேரம். லாஸ் ஏஞ்சல்ஸ் நம்மைவிடக் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அதாவது நமக்கு இரவு பத்தரை, அல்லது பதினொன்றரை. தூக்கம் வந்தால் ஜிமெயிலில் நேரம் குறித்து வைத்துவிட்டுப் படுங்கள். நவம்பர் கடைசியில் வரும் தேங்ஸ்கிவிங் விடுமுறை தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை அனுப்ப வேண்டாம்.

மூன்று வாரம் கழித்து, அதே மெயிலின் தொடர்ச்சியாக இரண்டு வரி நினைவூட்டல், ஒரே ஒரு தடவை. அதற்கும் மௌனம் என்றால் அதுவே பதில்.

11. பதில்களைப் படிக்கத் தெரிய வேண்டும்

தெரிந்த பையன் ஒருவன் ராத்திரி ஒரு மணிக்குப் போன் செய்தான். "அண்ணே, பாஸ் ஆயிட்டேன்! மேனேஜர் மெயில் போட்டிருக்கார்." மெயிலை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். "நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நாங்கள் பாஸ் செய்கிறோம்" என்று இருந்தது. பரீட்சை எழுதி வளர்ந்த நமக்கு பாஸ் என்றால் தேறியது. அவர்களுக்கு பாஸ் என்றால் வேண்டாம். பையன் அதற்குள் வீட்டில் அம்மாவை எழுப்பிவிட்டிருந்தான்.

"பாஸ்" என்று மட்டும் வந்தால் நன்றி என்று ஒரு வரி, காரணம் கேட்காதீர்கள். "அடுத்ததை எழுதினால் காட்டுங்கள்" என்று சேர்த்து வந்தால் அது மரியாதைப் பேச்சல்ல. நேரமில்லாதவர்கள் அதைச் சும்மா எழுதுவதில்லை. உங்களிடம் இரண்டாவது ஸ்கிரிப்ட் இருப்பதால், ஒரு மாதம் போல விட்டு அதன் லாக்லைனை அனுப்பலாம்.

"அனுப்புங்கள்" என்றால் அன்றைக்கே அனுப்புங்கள். அந்த நேரத்தில் "இன்னும் ஒரு தடவை பாலிஷ் பண்ணிவிட்டு" என்று உட்கார்ந்தவர்கள் வாய்ப்பை இழந்திருக்கிறார்கள். சில இடங்களில் ரிலீஸ் ஃபார்மில் கையெழுத்துக் கேட்பார்கள். இதே மாதிரிக் கதை எங்களிடம் வேறு வந்திருக்கலாம், அதற்காக வழக்குப் போட மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். படித்துப் பாருங்கள், கதையின் உரிமையையே எழுதித் தரச் சொன்னால் ஒழிய, கையெழுத்துப் போடுவது வழக்கம்தான்.

படிக்க ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். நடுவில் வேறொரு மேனேஜர் ஆர்வம் காட்டினால் மட்டும் மற்றவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். அது நெருக்குதல் ஆகாது, தகவல். அடியில் கிடக்கும் ஸ்கிரிப்ட் மேலே வரும். இல்லாத ஆர்வத்தை இருப்பதாகச் சொல்லாதீர்கள், இவர்கள் ஒருவருக்கொருவர் தினமும் பேசிக்கொள்கிறவர்கள்.

12. ஜூமில் பேசும் நாள்

பேச அழைத்தால் ஸ்கிரிப்ட் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இப்போது அவர் பார்ப்பது உங்களோடு வேலை செய்ய முடியுமா என்பதை. நோட்ஸ் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளவே ஒன்றிரண்டு குறை சொல்வார். உடனே வாதாடவும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். "அந்த இடத்தில் நான் நினைத்தது இது, அது பக்கத்தில் வரவில்லை போலிருக்கிறது" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

அடுத்து எழுத மூன்று யோசனைகளைத் தலா இரண்டு வரியில் தயாராக வைத்திருங்கள். நீங்களும் கேளுங்கள்: எத்தனை எழுத்தாளர்களைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? நோட்ஸ் நீங்களே தருவீர்களா? இந்த ஸ்கிரிப்டை முதலில் யாருக்கு அனுப்புவீர்கள்? வெளிநாட்டில் இருக்கும் எழுத்தாளர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு நிறுவனங்களின் பெயர் வரவில்லை என்றால் அவரிடம் திட்டம் இல்லை.

விசா பற்றிக் கேட்பார்கள். இங்கேயே உட்கார்ந்து எழுதிய ஸ்கிரிப்டை விற்க அங்கே போக வேண்டியதில்லை. அங்கே போய் ரைட்டர்ஸ் ரூமில், அதாவது ஒரு தொடருக்கு எழுத்தாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதும் இடத்தில், வேலை செய்ய வேலை விசா வேண்டும். படத்துறையினருக்குப் பெரும்பாலும் ஓ-1பி. பணம் வரும்போது டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்பார்கள். ஒரு ஆடிட்டரிடம் காட்டி நிரப்புங்கள்.

13. கையெழுத்துக்கு முன்

சில மேனேஜர்கள் வாய்ப்பேச்சோடு ஆரம்பிப்பார்கள், அதில் தப்பில்லை. தாள் வந்தால் பொழுதுபோக்குத் துறை வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். நீங்களும் நாலு இடத்தைப் பாருங்கள்.

கமிஷன் எதன் மேல்? "எல்லா வருமானமும்" என்று இருந்தால் உங்கள் ஐடி கம்பெனிச் சம்பளத்திலும் பத்து சதவீதம் என்று ஆகிவிடும். சிரிக்காதீர்கள், அப்படி எழுதிய தாளை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் படத்துக்கு எழுதி வரும் பணம் சேருமா என்பதும் தெளிவாக இருக்கட்டும். அவரே தயாரிப்பாளராகச் சேரும் படத்தில் அங்கே ஊதியம் வாங்குகிறார் அல்லவா, அதே படத்தில் உங்களிடம் கமிஷன் எடுக்கக் கூடாது. அவர் நிறுவனம் மாறினால் நீங்கள் அவரோடு போகலாமா, நிறுவனத்திலேயே மாட்டிக்கொள்வீர்களா? பிரிந்த பிறகு எத்தனை நாள் வரை கமிஷன் போகும்?

14. ஏஜென்ட் இப்போதுதான்

மேனேஜர் ஸ்கிரிப்டைத் தயாரிப்பாளர்களுக்கு அனுப்புவார். பிடித்தவர்கள் சந்திக்கக் கூப்பிடுவார்கள். போகிற அலுவலகத்தில் எல்லாம் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதால் அதற்கு "வாட்டர் பாட்டில் டூர்" என்று பெயர். உங்களுக்கு அது ஜூமில், சொந்தத் தண்ணீர். அந்தச் சந்திப்புகளில் ஏதாவது சூடு பிடித்தால் மேனேஜரே ஏஜென்டிடம் பேசுவார். நீங்களாக நடுவில் ஏஜென்டுக்கு மெயில் போட்டால் மேனேஜரின் கணக்கு குலையும்.

முதலில் பெரும்பாலும் ஹிப் பாக்கெட் ஏற்பாடுதான். முறையாகக் கையெழுத்து இல்லை. வாய்ப்பு வந்தால் உங்களுக்காகப் பேசுவார், வராவிட்டால் இருவருக்கும் கடப்பாடு இல்லை. அது நீடிக்கும் வரை உங்கள் மெயிலின் அடியிலோ ஐஎம்டிபி பக்கத்திலோ அவர் பெயரைப் போடாதீர்கள். போட வேண்டும் என்று தோன்றினால் முதலில் மேனேஜரைக் கேளுங்கள்.